பரம்பரைச் சவரக்கத்தி: அப்படியே வைப்பதா, கூர் மட்டும் போடுவதா, புதுசாக்குவதா?

மடக்குச் சவரக்கத்தி ஒன்று குடும்ப வழியில் கைக்கு வந்து சேர்ந்தால் செய்யக்கூடியவை நான்கு. துருவை நிறுத்திவிட்டு உள்ளது உள்ளபடி வைத்துக்கொள்ளலாம். அலகின் முகத்தை, அதாவது அகன்ற பக்கங்களை, தொடாமல் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, மட்டும் தீட்டிச் சவரத்துக்குப் பயன்படுத்தலாம். உப்புத்தாள், மெருகு, புதுக் கைப்பிடி என்று முழுவதுமாகப் புதுப்பிக்கலாம். அல்லது இந்த மூன்றில் ஒன்றை முடிவு செய்துவிட்டு, வேலையைத் தெரிந்தவர் கையில் ஒப்படைக்கலாம்.

என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கத்திகளுக்கு இரண்டாவது வழி போதும். கல்லையே தொட்டதில்லை என்பவருக்கு இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தது நல்லது. முழுப் புதுப்பிப்புதான் படம் எடுத்துக் காட்ட அழகு; ஆனால் அதைத் தாங்குகிற கத்திகள் குறைவு, அது தேவைப்படுகிற கத்திகள் இன்னும் குறைவு.

காரணம் கத்தியின் அமைப்பிலேயே இருக்கிறது. சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கை முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அந்த வேலையைக் கத்தியின் முதுகு பார்த்துக்கொள்கிறது. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி படுக்கவைத்துத்தான் தீட்டவேண்டும். அகலம் 16 மில்லிமீட்டர், முதுகின் கனம் 4.5 மில்லிமீட்டர் என்றால் வாயில் கிடைக்கும் கோணம் ஏறத்தாழ 16 டிகிரி. செய்தவர் கணக்குப் போட்டு வைத்த கோணம் அது. பளபளப்புக்காக முதுகில் அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டால் கோணம் 14 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அப்புறம் வாய் மெலிந்து, எளிதில் துளித்துளியாக உடைந்து பல் விழும். தேய்த்த எஃகை யாராலும் ஒட்டிக் கொடுக்க முடியாது. எனவே நான்கு வழிகளையும் ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: நமக்கு வேண்டியது கிடைக்க, எவ்வளவு உலோகம் போகிறது?

முதலில் கத்தியைப் பார்ப்பது

எந்த வழி என்பதைப் பல நேரம் நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கத்தியே சொல்லிவிடும். நல்ல வெளிச்சமும் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸும் இருந்தால் போதும்.

முதலில் தேடவேண்டியது விரிசல். இருபக்கமும் குழிவாகக் கடைந்த மெல்லிய அலகில், வாயிலிருந்து மேல்நோக்கி மயிரிழை மாதிரி ஓடும். வெறுங்கண்ணுக்குக் கீறல் போலத் தெரியும், துருக்கோடு போலவும் ஏமாற்றும். சந்தேகம் வந்தால் அலகின் பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மிக லேசாகச் சாய்த்து, வாயின் நீளத்துக்கு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நகத்தின் மேடு பட்ட இடத்தில் மெல்லிய எஃகு துளி வளைந்து மீளும். விளக்கொளியில் அந்த வளைவு ஒரு சிறு அலையாக நகர்வது தெரியும். அலை ஓரிடத்தில் தட்டுப்பட்டு உடைந்தால் அங்கே விரிசல் இருக்கிறது. அந்தக் கத்தி இனி சவரத்துக்கு வரக்கூடாது. வாயோரத்தில் மிகச் சிறிய விரிசல் என்றால் அந்த அளவுக்கு அகலத்தைத் தேய்த்துக் கழிப்பவர்கள் உண்டு. குடும்பப் பொருளில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. முதல் வழிதான், பேச்சே இல்லை.

அடுத்தது துரு. சிவப்பாக, தொட்டால் தூளாக வருவது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. கறுப்பாக, வழவழவென்று படிந்திருப்பது பெரும்பாலும் அடங்கிப்போன துரு. அதன் கீழ் எஃகு பத்திரமாக இருக்கும். முகத்தின் நடுவில் உள்ள குழிகள் பார்க்கத்தான் அசிங்கம், சவரத்துக்குத் தடையில்லை. வாயிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் குழிகள்தான் விவகாரம். தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிக்குள் போய் நிற்கும், அங்கே பல் விழும். கடையில் கத்தி வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்து விலை பேசுகிறார்கள், பார்க்கவேண்டியது வாயோரத்தை.

மூன்றாவது தேய்மானம். முதுகின் இருபுறமும் கல் பட்ட தட்டையான பட்டை ஒன்று இருக்கும். அது ஒல்லியாக, இரு பக்கமும் ஒரே அகலமாக இருந்தால் முன்னோர் ஒழுங்காகத் தீட்டியிருக்கிறார். ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகியிருந்தால் கை ஒரு பக்கம் அழுந்தியிருக்கிறது. வாயை நேராகப் பிடித்து ஒரு அளவுகோலின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். வாய் வெளிப்பக்கம் மெல்ல வளைந்திருந்தால் கவலையில்லை, பழைய கத்திகள் பல அப்படியே செய்யப்பட்டவை. நடுவில் உள்வாங்கியிருந்தால் சரிசெய்ய உலோகம் கணிசமாகப் போகும்.

வாலில், அதாவது அலகு கைப்பிடியோடு சேரும் ஒல்லிப் பகுதியில், உள்ள முத்திரையையும் படித்துவிடுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்ஸின் தியேர், சுவீடனின் எஸ்கில்ஸ்டுனா ஆகிய நான்கு ஊர்களின் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். அமெரிக்காவின் மெக்கின்லி சட்டம் 1890இல் வந்த பிறகு, அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றாயிற்று. அதனால் ஷெஃபீல்ட் பெயரோடு இங்கிலாந்து என்றும் பொறித்திருந்தால் 1891க்குப் பிந்தியது என்று ஊகிக்கலாம். அது இல்லாததாலேயே முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது, உள்நாட்டு விற்பனைக்குச் செய்ததாகவும் இருக்கலாம். சோலிங்கன் என்ற பெயருக்கு 1938இல் தனிச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ‘சில்வர் ஸ்டீல்’ என்ற முத்திரையைக் கண்டு வெள்ளி என்று மகிழவேண்டாம். 1820களின் தொடக்கத்தில் மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் எஃகில் துளியூண்டு வெள்ளி சேர்த்துச் சோதித்தார்கள். அந்தப் பெயரின் கவர்ச்சியை வைத்துப் பிற்பாடு ஏராளமான கத்திகள் விற்றுத் தீர்ந்தன.

முத்திரை பார்ப்பது விலை போட மட்டும் இல்லை. அலகில் அமிலத்தால் அரித்த படம், எழுத்து, தங்கப் பூச்சு ஏதாவது தெரிந்தால் மூன்றாவது வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. தங்கப் பூச்சு மெட்டல் பாலிஷைத் துணியில் தொட்டு நாலு தேய்ப்புத் தேய்த்தாலே போய்விடும்.

அப்படியே வைத்துக்கொள்வது

இதைச் சோம்பேறி வழி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் பின்னால் மனம் மாறினால் திரும்பிப்போக இடம் விட்டுவைப்பது இந்த வழி மட்டுமே. இன்று எண்ணெய் தடவி வைத்த கத்தியைப் பத்து வருடம் கழித்து மகள் எடுத்துக் கூர் போட்டுக்கொள்ளலாம். இன்று கண்ணாடிபோல் தேய்த்த கத்தியை மகளால் பழையபடி ஆக்க முடியாது.

வேலை கொஞ்சம்தான். பழைய எண்ணெயும் சோப்புப் படிவும் போகத் துடைக்கவேண்டும். சிவப்புத் துருவை எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய இரும்புப் பஞ்சால், 0000 என்று குறிக்கப்படும் ரகத்தால், அழுத்தாமல் எடுக்கலாம். வாயின் நீளவாக்கில் கை ஓடக்கூடாது. முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகும்படி துடைக்கவேண்டும். கறுப்பை விட்டுவிடுங்கள். கடைசியில் மெல்லிய மினரல் ஆயில். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். நெடுநாள் தொடப்போவதில்லை என்றால் எண்ணெயைவிட நுண்படிக மெழுகு மேல். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் உருவாக்கப்பட்ட மெழுகு இந்த வகையைச் சேர்ந்ததுதான், அருங்காட்சியகங்கள் இன்றும் உலோகப் பொருள்களுக்குப் பூசுகின்றன.

துரு நீக்கும் திரவத்தில் ஊறவைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். வினிகர், எலுமிச்சை அமிலம் போன்றவை துருவோடு நல்ல எஃகையும் தின்னும். வாயோரம் எவ்வளவு மெல்லியது என்பதை நினைத்துப் பார்த்தால் முதலில் போவது எது என்று தெரிந்துவிடும். முகமும் சாம்பல் நிறமாக மங்கிப்போகும். கையால் எடுப்பது நேரம் பிடிக்கும், ஆனால் எப்போது நிறுத்துவது என்பது நம் வசம் இருக்கிறது.

இந்த வழியின் குறை வெளிப்படை: கத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். கையில் எடுத்து, நுரை தடவி, தாத்தா இழுத்த அதே இழுப்பை இழுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இது போதாது. ஆனால் ஆசை பொதுவாக மடக்குக் கத்திச் சவரத்தின் மேலா, இந்தக் குறிப்பிட்ட கத்தியின் மேலா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முன்னது என்றால் புதுக் கத்தி ஒன்றை வாங்கிப் பழகி, பழையதை நிம்மதியாக வைத்துவிடலாம். பிளேடு மாற்றும் மடக்குக் கத்தியை அதற்குப் பதிலாகச் சொல்வார்கள். அது சற்று முரட்டு ஆசாமி. கோணம் தவறினால் உடனே இரத்தம் காட்டும், தீட்டும் கலையையும் கற்றுத் தராது.

கூர் மட்டும் போடுவது

இங்கே போகும் உலோகம் முதுகின் பட்டையிலும் வாயின் சரிவிலும் மட்டும். முகத்தில் உள்ள கறை, முத்திரை, தங்கப் பூச்சு எல்லாம் அப்படியே நிற்கும்.

வரிசை இதுதான். 1000 கல்லில் (எண் ஏற ஏறக் கல் நுண்மையாகும்) வாயின் இருபுறச் சரிவும் சந்திக்கும்வரை. பிறகு 4000, 8000, கடைசியில் 12000 அல்லது அதற்கு நிகரான ஒன்று. எல்லாச் சாமர்த்தியமும் 1000இல்தான் இருக்கிறது. மேலே உள்ள கற்கள் முந்தைய கல்லின் கோடுகளை அழிக்கும் வேலையை மட்டுமே செய்கின்றன. சரிவுகள் சந்திக்காமல் மேலே போனால் பளபளப்பான மொண்ணைக் கத்திதான் மிஞ்சும். சரிபார்க்க எளிய வழி: வாயோரத்தில் அழியாத மார்க்கர் மையைப் பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து லென்ஸில் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. நுனியில் மை நின்றால் நுனி கல்லைத் தொடவில்லை என்று பொருள். அதற்காக அழுத்தாதீர்கள். கத்தியைக் குறுக்காக நகர்த்தி இழுக்கும் இழுப்பில், நுனி கல்லின் மேல் வரும் கணத்தில் மணிக்கட்டைத் துளி தளர்த்தினால் போதும். சரிவு அமைந்த பிறகு வேறொரு அடையாளமும் கிடைக்கும்: கத்தி முன்னே போகும்போது கல்லில் நிற்கும் தண்ணீர் வாயின் முழு நீளத்துக்கும் ஒரே சீராக அலகின் மேல் ஏறிவரும். எங்காவது அடியில் நழுவினால் அந்த இடம் இன்னும் தயாராகவில்லை.

முதுகில் டேப் ஒட்டுவதா வேண்டாமா என்பது இந்தத் துறையில் தீராத சண்டை. ஒட்டாதவர் கட்சி, முதுகும் வாயும் சேர்ந்து தேய்ந்தால்தான் கோணம் காலாகாலத்துக்கும் மாறாது என்கிறது. கணக்குப்படி அது சரி. ஆனால் எலக்ட்ரிக் டேப் ஒரு அடுக்கு ஒட்டினால் 16 மில்லிமீட்டர் அகலக் கத்தியில் கோணம் ஒரு டிகிரி அளவுதான் ஏறுகிறது, முகத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. முதுகில் அலங்கார வேலைப்பாடு உள்ள கத்திக்கும், அதிகம் தேய்க்கவேண்டிய முதல் கட்டத்துக்கும் டேப் ஒட்டுவதே என் கட்சி. டேப்பும் தேயும் என்பதால் கல் மாறும்போதெல்லாம் அதையும் மாற்றவேண்டும்.

எந்தக் கல்? செயற்கைக் கற்கள் எண் சொன்னபடி நடந்துகொள்ளும், புதியவருக்கு அதுதான் தேவை. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியிலிருந்து வரும் கோட்டிக்யூல் என்ற மஞ்சள் கல்லில் கார்னெட் துகள்கள் இருக்கின்றன. கல்லைத் தண்ணீரோடு தேய்த்து எடுக்கும் குழம்பைக் கெட்டியாக வைத்தால் வேகமாகவும், நீர்த்துவிட்டால் மென்மையாகவும் தீட்டும். ஒரே கல்லில் எல்லாம் முடிக்கலாம் என்பது அதன் பெருமை. ஆனால் கல்லுக்குக் கல் குணம் மாறும், பழக மாதங்கள் ஆகும். ஒரே ஒரு பரம்பரைக் கத்திக்காக இறங்குகிறவருக்கு இந்த இரண்டையும்விட லேப்பிங் ஃபிலிம் என்ற மெல்லிய தேய்ப்புத்தாள் நல்ல கணக்கு. தடித்த, தட்டையான கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஒட்டிக்கொண்டு, 12, 5, 3, 1 மைக்ரான் என்று இறங்கலாம். செலவு சொற்பம், மட்டம் சரிபார்க்கும் தொல்லை இல்லை. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது குறை. ஒரு கத்திதானே, தேயட்டும்.

கத்தியோடு பெட்டியில் சிறு கல் ஒன்றும் கிடைத்திருக்கலாம், பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும். அது முடிதிருத்துநர் கடைகளில் மங்கிய கூரை நொடியில் மீட்க வைத்திருந்த கல். செத்த கூரை உயிர்ப்பிக்க அதனால் முடியாது. தீட்டிய வாயைச் சீராக்க இழுக்கும் பழைய தோல்வாரையும் நம்பவேண்டாம். காய்ந்து வெடித்த தோலில் சிக்கிய தூசியும் துருவும் புதுக் கூரை ஒரே நாளில் கெடுத்துவிடும்; ஞாபகத்துக்குச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். புதிய தோல்வாரில் முதுகு முன்னே போக, வாய் பின்னே வர இழுக்கவேண்டும். திரும்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்பவேண்டும், வாயின் மேல் அல்ல. தொடங்குகிற எல்லோரும் தோல்வாரை ஒருமுறையாவது வெட்டுவார்கள். எனவே முதல் வாரை மலிவாக வாங்குங்கள்.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் சுத்தத்தை மறக்கக்கூடாது. இன்னொருவர் தோலை வெட்டிய கத்தி அது, அவர் சொந்தத் தாத்தாவாகவே இருந்தாலும். சோப்பால் கழுவி, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் அலகை மட்டும் துடைக்கவேண்டும், கைப்பிடியில் படவிடாதீர்கள். கொதிக்கவைப்பது வேண்டவே வேண்டாம், கொம்புக் கைப்பிடி முறுக்கிக்கொள்ளும்.

முழுசாகப் புதுப்பிப்பது

400, 600, 1000, 2000 என்று உப்புத்தாளை நனைத்து மாற்றி மாற்றிக் கையால் தேய்த்தால் பழைய கத்தி கண்ணாடியாகும், பொய்யில்லை. மணிக்கணக்கான வேலை. இதில் பலரும் கணக்கில் எடுக்காத விஷயம், குழியைத் தேய்த்து எடுக்க முடியாது என்பது. குழியைச் சுற்றி இருக்கும் நல்ல எஃகை எல்லாம் குழியின் ஆழத்துக்கு இறக்கினால்தான் குழி ‘மறையும்’. ஷெஃபீல்டின் பழைய ஆப்பு வடிவக் கத்திகளில் கனம் தாராளமாக இருப்பதால் கொஞ்சம் இடம் உண்டு. 1880களில் ஜெர்மனியில் வளர்ந்த ஆழக் குழிவுக் கடைசல் கத்திகளில், வாயோரம் விரல் அழுத்தத்துக்கே வளையும் அளவுக்கு மெல்லியது. அங்கே உப்புத்தாளை விரலால் அழுத்துவது விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. அப்படியும் செய்தே ஆகவேண்டும் என்றால் அலகின் குழிவுக்கு ஏற்றபடி செதுக்கிய மரக்கட்டையில் அலகை முழுதும் தாங்கவைத்துத்தான் தேய்க்கவேண்டும்.

மோட்டார் சக்கரம் நேரத்தை மிச்சப்படுத்தும், அதே வேகத்தில் கத்தியையும் முடித்துவிடும். இந்தக் கத்திகள் கடினப்படுத்திய பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பதப்படுத்தப்பட்டவை. சக்கரம் பட்ட மெல்லிய வாயோரம் கண்மூடித் திறப்பதற்குள் அந்தச் சூட்டைத் தாண்டும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை நெருங்கினால் நீலம். நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. எத்தனை அருமையாகத் தீட்டினாலும் கூர் நிற்காது. அலகைச் சக்கரம் கவ்வி வீசியெறிவது தனி ஆபத்து. எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் யாருக்கு இந்த வழி? முகத்தில் படமோ பூச்சோ இல்லாத, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த சாதாரணக் கத்தி. சிவப்புத் துரு முகம் முழுக்க ஏறியிருக்கிறது. கைப்பிடி ஏற்கெனவே போய்விட்டது. வைத்திருப்பவருக்கு அதைப் பயன்படுத்தியே தீரவேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால் தாராளமாகச் செய்யலாம். அப்போதும் 1000த்தோடு நிறுத்தி, மெல்லிய கோடுகள் தெரியும் பட்டுப் பளபளப்பில் விடுவது கண்ணாடி மெருகைவிட நல்லது. குறைவாகத் தேயும், பழைய பொருளின் வயதுக்கும் பொருந்தும். கை பழக, யாருக்கும் சொந்தமில்லாத துருப்பிடித்த கத்தி ஒன்றை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடி தனிக் கதை

அலகுக்கு எந்த வழி என்பதும் கைப்பிடிக்கு எந்த வழி என்பதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அலகைச் சும்மா விட்டு, கைப்பிடியை மட்டும் மாற்றவேண்டிய கட்டாயம் ஒன்று உண்டு: அழுகும் செல்லுலாய்ட். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தந்தத்தையும் ஆமையோட்டையும் போலச் செய்ய இந்தப் பொருள்தான் பயன்பட்டது. வயதானால் சில துண்டுகள் சிதையத் தொடங்கும். நைட்ரஜன் ஆக்சைடுகள் கசிந்து, ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். அடையாளம் தெளிவானது. மூடியிருக்கும்போது கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் கடும் துரு, வெளியே தெரியும் வாலோ சுத்தம். கைப்பிடியில் நுண்வெடிப்புகள், மூக்கைக் குத்தும் நெடி. கற்பூர வாசனை மட்டும் என்றால் அது நலமான செல்லுலாய்டின் இயல்பான வாசனை. அழுகல் தொடங்கியதைக் கழற்றியே ஆகவேண்டும், அலகைக் காப்பாற்ற வேறு வழியில்லை. மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது, அமில ஆவி அவற்றையும் பிடிக்கும். செல்லுலாய்ட் குபீரென்று பற்றும் பொருள் என்பதால் அடுப்பு, விளக்கு, வேகமாகச் சுழலும் கருவி எதற்கும் அருகில் வேண்டாம்.

கொம்பு என்றால் அவ்வளவு பயமில்லை. காய்ந்து வளைந்ததை நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) ஊறவைத்தால் ஓரளவு உயிர் வரும். பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தால் அது கொம்புதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தந்தம், ஆமையோடு என்றால் தொழில்நுட்பத்தோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் 1989இல் தடை முடிவானது; எல்லை தாண்டி விற்பதற்கோ பழுது பார்க்க அனுப்புவதற்கோ முன் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிடவேண்டும்.

கைப்பிடி ஆடுகிறது என்பதற்காக மட்டும் யாரும் அதைப் பிரிக்கவேண்டாம். அடியில் சிறு பட்டடை வைத்து, ஆணியின் தலையைச் சிறு சுத்தியலால் இருபக்கமும் மாறி மாறி மெல்லத் தட்டினாலே பல கத்திகள் இறுகிவிடும். பிரித்தே ஆகவேண்டும் என்றால் தலையை அரத்தால் தேய்த்து ஆணியைத் தள்ளி எடுத்து, 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியும் சிறு வாஷர்களும் போட்டு மறுபடி அடிக்கவேண்டும். பழைய கைப்பிடிகள் பலவற்றின் வால்முனையில் இரு தகடுகளுக்கு நடுவே வைத்த துண்டு ஈயமாக இருக்கும். அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள்.

தெரிந்தவரிடம் கொடுப்பது

கூர் போடுபவரும் புதுப்பிப்பவரும் எப்போதும் ஒரே ஆள் அல்ல. கண்ணாடி மெருகில் கைதேர்ந்தவர் சுமாராகத் தீட்டலாம். அருமையாகத் தீட்டுபவர் கைப்பிடியைத் தொடவே மாட்டேன் என்று சொல்லலாம். வீட்டுக் கத்தி, கத்தரிக்கோல் சாணை பிடிப்பவரிடம் மட்டும் தயவுசெய்து கொடுக்கவேண்டாம். அவர் வேலையில் குறை இல்லை, அவருடைய சக்கரமும் பெல்ட்டும்தான் இந்த வேலைக்கு ஆகாது.

நான்கு கல்லும் தோல்வாரும் வாங்கும் செலவை ஒருமுறை தீட்டிக் கொடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால், ஒரே கத்தி உள்ளவருக்குக் கூலி கொடுப்பதுதான் மலிவு. பணத்தைவிடப் பெரிய லாபம் வேறு. சரியாகத் தீட்டிய கத்தி எப்படி இருக்கும் என்பது முதல் சவரத்திலேயே தெரிந்துவிடும். பின்னால் நீங்களே தீட்டும்போது ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும். கொடுக்கும்போது வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்: முகத்தில் மெருகு வேண்டாம், மோட்டார் கருவி வேண்டாம், முதுகில் டேப் ஒட்டவும், கைப்பிடியைக் கழற்றும் முன் கேட்கவும். ‘நல்லா பண்ணிக் குடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவர் மனதில் உள்ள ‘நல்லா’தான் திரும்பி வரும், அது பெரும்பாலும் பளபளப்பு. எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

ஏழு நாளுக்கு ஏழு என்று முதுகில் கிழமை பொறித்த பெட்டி கிடைத்தவருக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். வாயோரம் சுத்தமாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூர் போட்டுக்கொண்டு, மற்ற ஆறையும் மெழுகு பூசி வைத்துவிடலாம். அண்ணன் தம்பிகளுக்குள் பிரித்துக்கொள்ளும் யோசனை வந்தால் கொஞ்சம் பொறுங்கள். பெட்டியோடு சேர்ந்த முழுத் தொகுப்புக்கு உள்ள மதிப்பு, உதிரியாகப் போன ஏழு கத்திக்கு இருக்காது.

கூர் போட்டுவிட்டால் அதன் பிறகான பராமரிப்பு எளிது. சவரம் முடிந்ததும் அலகைக் கழுவித் துடைத்து, துணி வாரில் சில இழுப்பு, தோலில் சில இழுப்பு. கைப்பிடிக்குள் ஈரம் இல்லை என்று உறுதியான பிறகே மடக்கவேண்டும், குளியலறையில் வைக்கக்கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் ஒரு சொட்டு மினரல் ஆயில். தோல் உறையில் நெடுநாள் வைப்பதைத் தவிருங்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கூர் மங்கி முடியை இழுக்கத் தொடங்கினால் கடைசிக் கல்லிலோ ஒரு மைக்ரான் தாளிலோ அழுத்தமே இல்லாமல் ஒரு பத்து இழுப்பு, பிறகு தோல்வார். பல் விழாதவரை 1000 கல்லுக்கு மறுபடி வேலை வராது.